எழுப்பியது எது? மழைமானிக்கு மூன்று சிப்புகள்

மழைமானிக்கு மைக்ரோகண்ட்ரோலர் (கருவியை இயக்கும் சின்னக் கணினிச் சிப்) தேடும்போது எல்லாரும் முதலில் பார்ப்பது, பேட்டரியை மிச்சப்படுத்தும் உறக்கத்தில் அது எத்தனை மைக்ரோஆம்பியர் இழுக்கிறது என்பதைத்தான். என்னைக் கேட்டால், எழுந்ததும் தன்னை எழுப்பியது எது என்று அது சொல்லுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பட்டை ஈரமாக இருந்தால் பால்வெட்டு தள்ளிப்போகும். அதனால் ராத்திரி பெய்த மழையின் கணக்கு மண்டோருக்கு (தோட்டக் கங்காணிக்கு) விடியுமுன்னே வேண்டும். மழைமானியின் சாய்வாளி 0.2 மில்லிமீட்டருக்கு ஒருமுறை கவிழும். அப்போது ஒரு காந்தம், காந்தம் நெருங்கினால் மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்சைக் கடந்துபோகும். ஆக எழுப்புபவை மூன்று: ரீட் சுவிட்ச், மணிக்கொருமுறை அடிக்கும் கடிகாரம், பெட்டிக்குள் இருக்கும் சோதனை பட்டன். பட்டனை வாளி என்று எண்ணிவிட்டால் பெய்யாத மழை கணக்கில் ஏறிவிடும்.

எழுந்த பிறகு, சுவிட்ச் இணைந்திருக்கும் பின்னை (சிப்பின் காலை) படித்துப் பார்த்தால் போதாதா? போதாது. நாம் பார்க்கப்போகும் இஎஸ்பி32, என்ஆர்எஃப்52840, எஸ்டிஎம்32 மூன்றிலும் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுவது ரீசெட் மாதிரிதான். நிரல் முதலிலிருந்து ஓடும். ரீட் சுவிட்ச் கண நேரம்தான் மூடியிருக்கும். நிரல் வந்து பார்ப்பதற்குள் அது திறந்துவிட்டிருக்கலாம். சிப்பே குறித்து வைத்திருந்தால்தான் உண்டு.

இஎஸ்பி32 பழக எளிது. காரணத்தைக் கேட்க ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. டைமர், எக்ஸ்ட்0 (வெளியிலிருந்து ஒரு பின்), எக்ஸ்ட்1 (வெளியிலிருந்து பல பின்கள்), டச் என்று பதில் வரும். புதிதாக பேட்டரி போட்டு ஓடவிட்டால் 'காரணம் இல்லை' என்று வரும். எக்ஸ்ட்1-இல் பல பின்களைச் சேர்த்திருந்தால் எந்தப் பின் என்று தனியாகக் கேட்கலாம். வில்லங்கம் வயரிங்கில் இருக்கிறது. பழைய இஎஸ்பி32-இல் எக்ஸ்ட்1-க்கு 'ஏதாவது ஒன்று ஹை (வோல்டேஜ் உண்டு)' அல்லது 'எல்லாம் லோ (வோல்டேஜ் இல்லை)', இந்த இரண்டு வழிதான். நாம் வழக்கமாகச் செய்வதுபோல் சுவிட்சை கிரவுண்டுக்கு இழுத்தால், வாளியும் பட்டனும் ஒரே நேரத்தில் அழுந்தினால்தான் சிப் எழும்! இரண்டையும் ஹை பக்கம் மாற்ற வேண்டும், இல்லையென்றால் வாளியை எக்ஸ்ட்0-க்குக் கொடுக்க வேண்டும். அப்புறம், இங்கே பார்க்கப்படுவது சிக்னலின் நிலை, அதன் மாற்றம் அல்ல. சருகு சிக்கி வாளி பாதியில் நின்று, காந்தம் சுவிட்சுக்கு நேரே மாட்டிக்கொண்டால், தூங்கப் போன சிப் உடனே எழும், மறுபடி தூங்கும், மறுபடி எழும். பேட்டரி காலி.

என்ஆர்எஃப்52840 சிக்கனத்தில் கெட்டி. சிஸ்டம் ஆஃப் என்ற அதன் ஆழ்ந்த உறக்கத்தில் 0.4 மைக்ரோஆம்பியர்தான். எழுந்த காரணம் ரீசெட்ரீஸ் என்ற ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் உள்ள சின்ன நினைவிடத்தில்) இருக்கும். பின் எழுப்பியதா, வோல்டேஜ் ஒப்பீட்டியா, என்எஃப்சியா (மிக அருகில் மட்டும் பேசும் ரேடியோ) என்று அதில் தெரியும். எந்தப் பின் என்பது லாட்ச் ரெஜிஸ்டரில். படித்துவிட்டு அழிக்காவிட்டால் பழைய காரணங்களும் சேர்ந்துகொண்டே போகும். ஆனால் சிஸ்டம் ஆஃபில் கடிகாரம் ஓடாது. மணிக்கொருமுறை எழ வேண்டிய நம் வேலைக்கு அங்கேயே ஆட்டம் முடிந்தது.

எஸ்டிஎம்32 என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை, எந்த வரிசை என்று பார்க்க வேண்டும். எஃப்407-இல் எழுப்பும் பின் ஒன்றுதான், எழுப்பியதைக் குறித்து வைக்கும் கொடியும் (ஒற்றை பிட்) ஒன்றுதான். ஆர்டிசி (சிப்பின் உள் கடிகாரம்) எழுப்பினாலும் அதே கொடிதான் ஏறும். கடிகாரமா என்பதை ஆர்டிசியின் சொந்தக் கொடியைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். எல்476-இல் ஐந்து எழுப்பும் பின்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கொடி. ஸ்டாண்ட்பை என்ற ஆழ்ந்த உறக்கத்திலிருந்துதான் எழுந்தோமா என்பதற்கு எஸ்பிஎஃப் என்ற கொடி வேறு. மாட்டிக்கொண்ட வாளி இதை ஏமாற்ற முடியாது. பின்னின் நிலை மாறும்போதுதான் எழும். ஆர்டிசி ஓடும்போதும் 3 இலக்க நானோஆம்பியர்தான். மழைக்கணக்கை வைத்துக்கொள்ள, உறக்கத்திலும் அழியாத 32 பேக்கப் ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை: கொடியை அழிக்காமல் தூங்கப் போனால் உடனே எழுந்துவிடும். அதற்காக சிலர் நிரலின் தொடக்கத்திலேயே எல்லாக் கொடிகளையும் அழித்துவிடுவார்கள், அப்புறம் காரணத்தைத் தேடுவார்கள். முதலில் ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு அழியுங்கள்.

ஆபீஸ் வைஃபை எட்டும் இடம், பேட்டரியை அடிக்கடி மாற்ற ஆள் உண்டு என்றால் இஎஸ்பி32 போதும். காட்டுக்குள் வைப்பதற்கு நான் எல்476-ஐத்தான் எடுப்பேன். அதில் ரேடியோ இல்லை, தனி லோரா (குறைந்த மின்சாரத்தில் தொலைவுக்கு அனுப்பும் ரேடியோ) மாட்யூல் வேண்டும். ஒரே சிப்பில் இரண்டும் வேண்டுமென்றால் எஸ்டிஎம்32டபிள்யூஎல் இருக்கிறது. அதில் எழுப்பும் பின் மூன்றுதான். வாளிக்கும் பட்டனுக்கும் இரண்டு போதுமே.