மண், இலை உலோகப் பரிசோதனை: கருவி நல்லது, குறிப்புதான் போதாது

வீட்டுக்குப் பின்னால் நிற்கும் எலுமிச்சை மரத்தடி மண்ணையும் இலையையும் ஒரு தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பி ஈயம், காட்மியம், துத்தநாகம் பார்க்கச் சொன்னேன். பக்கத்துச் சுவரின் பழைய பெயிண்ட் (அதில் ஈயம் இருக்கலாம்) பல வருஷமாக உரிந்து அங்கேதான் கொட்டுகிறது, பிள்ளைகள் மண்ணில் விளையாடுவதும் அங்கேதான், மனசு கேட்கவில்லை.

அளவீட்டில் குறை சொல்ல முடியாது. மிக நுண்ணிய அளவு உலோகத்தையும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் என்ற கருவியில் பார்க்கிறார்கள், ஒவ்வொரு உலோகத்துக்கும் கருவி கண்டுபிடிக்கக்கூடிய குறைந்தபட்ச அளவையும் எழுதித் தருகிறார்கள். வெறுமனே 'இல்லை' என்று போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கோளாறு மாதிரி எடுக்கும் குறிப்பில்தான். 'மரத்தடியிலிருந்து மண்' என்று இருக்கிறதே தவிர, எவ்வளவு ஆழம் என்று ஒரு வார்த்தை இல்லை. ஈயம் அவ்வளவு லேசில் கீழே இறங்காது, மட்கோடும் களிமண்ணோடும் ஒட்டிக்கொண்டு மேல் சில சென்டிமீட்டரிலேயே பல பத்தாண்டுகள் கிடக்கும். அல்ஜீரியா 2021-இல் கடைசியாக வண்டிகளுக்கான ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தியதோடு உலகம் முழுக்க அது ஓய்ந்தது, ஆனாலும் சாலையோர மண்ணில் அந்தப் பழைய ஈயம் இன்னும் இருக்கிறது. இது தெரியாமல் முதல் தடவை ஓரடி ஆழம் தோண்டி மொத்தத்தையும் கலந்து அனுப்பிவிட்டேன், பயப்பட ஒன்றுமில்லை என்பது போல அறிக்கை வந்தது. சந்தேகம் தீராமல் மறுபடி, மரத்தைச் சுற்றி ஏழெட்டு இடத்தில் மேல்மண்ணை மட்டும் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி அனுப்பினேன் (துத்தநாகம் பூசிய கரண்டி, வாளி வேண்டாம், கணக்கு கெட்டுவிடும்). ஈயம் பல மடங்கு ஏறியிருந்தது!

அப்புறம் இலை. கழுவாமலே அரைத்துவிட்டார்கள். அப்படிச் செய்தால் இலைமேல் படிந்த தூசியா, வேர் வழியாக ஏறியதா என்று எப்படித் தெரியும்? காட்மியம் இலைவரை சுலபமாகப் போகும், ஈயம் பெரும்பாலும் வேரிலேயே நின்றுவிடும். சொன்னதும் தட்டிக்கழிக்காமல் புது இலை வாங்கி, கழுவியது தனி, கழுவாதது தனி என்று பார்த்துத் தந்தார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். கழுவிய இலையில் ஈயம் பாதிக்கும் கீழே போனது, ஆக பெரும்பங்கு தூசிதான்.

மண்ணின் அமிலத்தன்மையைக் கேட்டால்தான் பார்க்கிறார்கள். கட்டாயம் கேளுங்கள், அமில மண்ணில்தான் காட்மியமும் துத்தநாகமும் இளகி வேருக்குப் போகும்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மரத்தடியை இப்போதைக்குச் சருகு போட்டுக் கனமாக மூடியிருக்கிறேன், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை.