ஊரடங்கில் எங்கள் பங்கு நடத்திய வழிபாட்டுச் சேவை: ஒரு மதிப்புரை

குன்னூருக்குக் கீழே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில் இருக்கும் எங்கள் பங்கு ஆலயத்தின் யூடியூப் திருப்பலி (பூசை) எப்படி இருக்கும் என்று, பணியிட மாறுதலில் இந்தப் பக்கம் வரும் குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி கேட்கின்றன. கொரோனா ஊரடங்கு நாட்களில் பங்குத்தந்தையும், பங்கு மக்களின் பிரதிநிதிகள் குழுவான பங்குப் பேரவையும் எடுத்த முடிவுகளிலிருந்தே அது பிறந்தது என்பதால், ஒளிபரப்பை மட்டும் தனியே எடுத்து மதிப்பிட முடியவில்லை.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது குருத்தோலை ஞாயிறுக்குப் பதினோரு நாட்களே இருந்தன. அதே நாளில் வத்திக்கானிலிருந்து வந்த ஆணை, உயிர்ப்புப் பெருவிழாவை (ஈஸ்டர்) வேறு நாளுக்குத் தள்ள முடியாது என்றும், பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கை விட்டுவிட வேண்டும் என்றும், அன்றைய திருப்பலியைக் குருக்கள் மக்கள் இல்லாமலே நிறைவேற்றலாம் என்றும் சொன்னது. எங்கள் பேரவைக்கு எஞ்சியிருந்த கேள்வி, பூட்டிய கதவுக்குள் நடக்கும் திருப்பலியை வெளியே எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதுதான். பழைய பாட்டுப் புத்தகங்களை அடுக்கி, அவற்றின் மேல் ஒரு கைப்பேசியைச் சாய்த்து வைத்துத் தொடங்கினார்கள். படத்தில் பீடத்தின் பாதிதான் தெரிந்தது. மழை பிடித்தால் தகரக் கூரையின் இரைச்சலில் மறையுரை காதில் விழவே இல்லை. அந்த அவசரத்துக்கு அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. டவுனில் இருப்பவர்களுக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த ஒளிபரப்பு போதுமானதாக இருந்தது. பங்கு மக்களில் பெரும்பகுதியினரோ, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, மாநில அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். வரிசையாகக் கட்டிய அவர்களுடைய தொழிலாளர் லைன் வீடுகளில் சிக்னல் ஒரு மூலையில் வந்து மறு மூலையில் மறைந்துவிடும். இரண்டு மாதம் கழித்தே பேரவை இதை உணர்ந்து, ஞாயிறு வாசகங்களையும் மன்றாட்டுகளையும் ஒற்றைத் தாளில் அச்சிட்டு, இலை நிறுக்கும் இடத்தில் கொடுக்க ஏற்பாடு செய்தது. தேயிலைச் சாறு படிந்த விரல்களால் மடித்து மடித்து அந்தத் தாள்கள் ஓரங்களில் கறுத்துப் போயிருந்ததைப் பார்த்திருக்கிறேன். என் கணக்கில், ஒளிபரப்பைவிட அந்தத் தாளுக்கே மதிப்பெண் கூடுதல்.

மறுபடி திறந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2020 செப்டம்பர் 1 முதல் எல்லா வழிபாட்டுத் தலங்களையும் திறக்கலாம் என்று அனுமதி வந்தது. எங்கள் பேரவை உடனே ஞாயிறு திருப்பலிக்குப் போகாமல், முதல் மூன்று வாரம் வார நாட்களில் மட்டும் திறந்து, இடைவெளி, கைகழுவுதல், வெளியேறும் வழி ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகே ஞாயிறுக்கு வந்தது. அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு ஞாயிறுக்கு நான்கு திருப்பலிகள், ஒவ்வொன்றுக்கும் நாற்பது பேர் என்று வகுத்து, அன்பியம் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) வாரியாக முறை வைத்தார்கள். பெஞ்சுகளில் வெள்ளை நாடா ஒட்டியிருந்தது. வற்றிப்போன தீர்த்தத் தொட்டியில் சானிடைசர் புட்டி நின்றது. பாடகர் குழு கூடாது என்பது அரசின் நெறிமுறை என்பதால், பதிவு செய்த பாட்டையே ஒலிக்கவிட்டார்கள். திருப்பலியில் தரும் அப்பமான நற்கருணையைக் கையில் மட்டுமே வாங்கலாம் என்ற முடிவுக்கு நாவில் வாங்கிப் பழகிய மூத்தவர்களிடையே முணுமுணுப்பு இருந்தது. பங்குத்தந்தை ஒவ்வொருவராகப் பேசித் தணித்தார்.

முறைப் பட்டியலை வாட்ஸாப்பில் மட்டும் அனுப்பியதுதான் பெரிய பிழை. பட்டன் போன் வைத்திருக்கும் என் பெரியம்மா, அதிகாலைப் பனியில் இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்தார். "உங்க அன்பியத்துக்கு அடுத்த வாரம்தாம்மா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். உள்ளே நான்கு இடங்கள் காலியாக இருந்தன என்பது பின்னால் தெரிந்தது. நான் எழுதிக் கொடுத்த புகாருக்குப் பதில் வரவில்லை. ஆனால் மறுவாரமே பட்டியல் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது.

அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது என்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியிருந்தது. அது அறிவுரைதான், தடையில்லை என்றாலும், கோயிலுக்கு வர அதிகம் தவித்தவர்களும் அவர்களே. பல விவாதங்களுக்குப் பிறகு பேரவை அவர்களுக்கென்று வியாழக்கிழமை பத்தரை மணிக்கு, வெயில் ஏறிய பின், இருபது பேருக்கு மிகாத ஒரு திருப்பலியை ஏற்படுத்தியது. காற்றோட்டத்துக்காக ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்ததால், சில நாட்களில் மூடுபனி உள்ளே நுழைந்து நடுப்பாதை வரை வந்துவிடும். குல்லாவும் சால்வையுமாக மூத்தவர்கள் அதற்குள்ளேயே அமர்ந்திருப்பார்கள். வாசல் குழாயில் கை கழுவினால் விரல் மரத்துப்போகும் என்று யாரோ சொன்னதும், டிசம்பரில் பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்தார்கள். பேரவை எடுத்த முடிவுகளில் இதுவே ஆகச் சிறந்தது.

இரண்டாம் அலையில் 2021 ஏப்ரல் 26 முதல் ஜூலை 4 வரை பொதுமக்களுக்கு மூடியிருந்ததையும், 2022 ஜனவரியின் ஞாயிறு முழு ஊரடங்குகளையும் பங்கு அதிகத் தடுமாற்றமின்றிக் கடந்தது. அதற்குள் மைக்கைக் கேமராவோடு நேராக இணைத்திருந்ததால், கூரை இரைச்சல் தொல்லை தரவில்லை.

இன்றைய நிலையில் ஒளிபரப்புக்கு ஐந்தில் மூன்று கொடுப்பேன். ஒலி தெளிவு, படம் ஒரே கோணம், பலத்த காற்றடித்து மின்சாரம் போனால் அன்றைக்கு அவ்வளவுதான். படுக்கையில் இருப்பவர்களுக்கு உதவும். நடமாட முடிந்தவர்கள் நேரில் போவதே முறை. வியாழக்கிழமைத் திருப்பலி இன்றும் பத்தரைக்குத்தான், வயது வரம்பு இப்போது இல்லை. போகிறவர்கள் சால்வை எடுத்துச் செல்லுங்கள், அந்த ஜன்னல்களை இன்னும் சாத்துவதில்லை.