வேர்ட் ஆட்-இன் டெம்ப்ளேட்: கிரயப் பத்திரம் அடிப்பவரின் பார்வையில்

மைக்ரோசாஃப்ட் வேர்டில் மேக்ரோ, அதாவது திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானே செய்துமுடிக்கும் சின்ன நிரல், வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை வேர்டின் அடிப்படை மாதிரி ஃபைலான நார்மல் டெம்ப்ளேட்டில்தான் போட்டு வைத்திருப்பார்கள். நாம் செய்வதைப் பதிந்து மேக்ரோவாக்கும் ரெக்கார்டரைத் தட்டினால் அதுவே முதலில் காட்டுவது அந்த இடத்தைத்தான். எப்போதாவது ஒரு மேக்ரோ ஓட்டுகிறவருக்கு அது போதும். எங்களைப் போல அதை வைத்தே கடை நடத்துகிறவர்களுக்குப் போதாது. மேக்ரோக்களைத் தனி டெம்ப்ளேட்டில் எழுதி ஆட்-இன் ஆக, அதாவது வேர்டோடு சேர்ந்து ஏறும் கூடுதல் ஃபைலாக ஏற்றிக்கொள்ளும் வசதி வேர்டிலேயே இருக்கிறது. அதற்கென்று தனிக்காசு கிடையாது. நான் முழுக்க அதற்கு மாறிவிட்டேன்.

கோத்தகிரியில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டர், இரண்டு பிரிண்டர். அரவேணு, கட்டபெட்டு, கீழ்கோத்தகிரி பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். கிரயம், தானம், குத்தகை, உயில் என்று வேலையில் பெரும்பகுதி பத்திரம்தான். எழுத்தர் ஐயா கையால் எழுதித் தருவதை நாங்கள் அடிக்கிறோம். "இதற்கு முன் எவ்வித வில்லங்கத்திற்கும் உட்படுத்தவில்லை" என்ற பாராவை எத்தனை தடவை அடிப்பது? நிலத்தை இங்கே எல்லோரும் சென்ட் கணக்கில் சொல்வார்கள், பட்டாவிலோ ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருக்கும். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். 12 சென்ட் என்றால் 0.0486 ஹெக்டேர். இதைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து அடிப்பதற்குள் அடுத்த ஆள் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார். அப்படித்தான் மேக்ரோ எங்கள் கடைக்குள் வந்தது.

நார்மலில் என்ன குறை என்று கேட்பீர்கள். இங்கே ஐப்பசி மழையில் மரம் விழுந்தால் கரண்ட் போகும், யூபிஎஸ் பேட்டரி வயதானதாக இருந்தால் வேர்ட் திறந்தபடியே அணைந்துவிடும். அப்படி ஒருமுறை ஆனபின் வேர்ட் திறக்கவே அடம்பிடித்தது. பார்க்க வந்த சர்வீஸ் பையன் நார்மல் ஃபைலை அழித்துவிட்டு, "வேர்ட் புதுசா ஒண்ணு போட்டுக்கும் அக்கா" என்றான். போட்டும் கொண்டது, காலியாக. சர்வீஸ் செய்கிறவர்கள் எல்லோருக்கும் இதுதான் முதல் வைத்தியம், செய்முறையாகப் பார்த்தால் தப்பும் இல்லை. ஆனால் மேக்ரோ, ஷார்ட்கட், ஆட்டோடெக்ஸ்ட் (பெயர் கொடுத்துச் சேமித்து வைக்கும் வாசகம்) எல்லாம் அதோடு சேர்ந்து போய்விட்டது.

ஆட்-இன் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. புது டாக்குமெண்ட் திறந்து, மேக்ரோவுடன் கூடிய டெம்ப்ளேட் வகையாக, அதாவது டாட்எம் என்ற பின்னொட்டோடு சேமிக்க வேண்டும். மேக்ரோவை அதற்குள் எழுதிவிட்டு ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் வைத்தால் வேர்ட் திறக்கும்போதெல்லாம் தானே ஏறிக்கொள்ளும். ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று தேடி அலைய வேண்டாம். ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் பக்கத்தின் அடியில் ஃபைல் லொகேஷன்ஸ் என்ற பட்டன் காட்டிவிடும். டெவலப்பர் டேபில் உள்ள ஆட்-இன்ஸ் பெட்டியில் "ஆட்" கொடுத்தும் ஏற்றலாம். ஆனால் அது அந்த ஒரு முறைக்குத்தான், வேர்டை மூடித் திறந்தால் டிக் போயிருக்கும். ஸ்டார்ட்அப் ஃபோல்டர் வழக்கமாகவே வேர்ட் நம்பும் இடங்களில் ஒன்று என்பதால் ஒவ்வொரு தடவையும் மஞ்சள் பட்டையில் அனுமதி கேட்டுத் தொல்லை செய்யாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆட்டோடெக்ஸ்டும் ஷார்ட்கட்டும் அதே ஃபைலுக்குள் தங்கும் என்பது. பத்திரத்துக்கு வேண்டிய பாராக்கள், நான்கெல்லை எழுதும் சட்டகம், சாட்சிகள் கையெழுத்துப் பகுதி எல்லாம் அந்த ஒரு ஃபைலில். பென் டிரைவில் எடுத்துப்போய் மற்ற இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டேன், வேலை முடிந்தது. ஸ்டைல் மட்டும் இப்படி வராது. ஆட்-இன்னில் உள்ள ஸ்டைல்கள் மற்ற டாக்குமெண்டுகளுக்குத் தெரியாது, அதற்கு அந்த டெம்ப்ளேட்டை வைத்தே டாக்குமெண்டைத் தொடங்க வேண்டும்.

இனி தலைவலிகள்.

முதலாவது தமிழ். வேர்டுக்குள் தமிழ் அழகாக வருகிறது, மேக்ரோ எழுதும் எடிட்டரில் அடித்தால் வெறும் கேள்விக்குறிகளாக நிற்கிறது. எல்லா மொழி எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோட் முறை அந்த எடிட்டருக்குத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாகக் கொடுக்க வேண்டும். "தமிழ்" என்று எழுத 2980, 2990, 3007, 2996, 3021. ஒரு சொல்லுக்கே இந்தப் பாடு என்றால் வில்லங்கப் பாராவை யார் எழுதுவது? நான் தமிழ் வாக்கியங்களை எல்லாம் ஆட்டோடெக்ஸ்டாக வைத்து, பெயரை மட்டும் ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டேன். மேக்ரோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தமிழ் வந்து உட்காருகிறது. தொகையை எழுத்தால் எழுதும் மேக்ரோவில்தான் இந்த வழி செல்லவில்லை. 4,75,000 என்றால் "நான்கு லட்சத்து எழுபத்தைந்தாயிரம்". லட்சத்துக்குப் பின் ஏதாவது இருந்தால் "லட்சத்து", இல்லாவிட்டால் "லட்சம்". 800 எண்ணூறு, 900 தொள்ளாயிரம். ஒரு கணக்குக்குள் அடங்காது. கடைசியில் ஒன்று முதல் 99 வரையும் நூறுகளையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் யூனிகோடாக அடித்து வைத்து அதிலிருந்து மேக்ரோ எடுக்கும்படி செய்தேன். இந்த ஒரு விஷயத்தில் மைக்ரோசாஃப்டுக்கு என் மதிப்பெண் பூஜ்யம். இத்தனை வருடமாக அந்த எடிட்டரை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது திருத்துவது. ஆட்-இன் ஆக ஏறியிருக்கும் டெம்ப்ளேட்டை எடிட்டரில் திறக்க விடாது, மேக்ரோ பட்டியலிலும் எடிட் பட்டன் மங்கிக் கிடக்கும். ஃபைலை டபுள் கிளிக் செய்தாலோ அதை வைத்து ஒரு புது டாக்குமெண்ட் திறக்கும், டெம்ப்ளேட் திறக்காது. வேர்டுக்குள் இருந்தே ஓப்பன் கொடுத்து அந்த ஃபைலைத் திறந்தால்தான் கை வைக்க முடியும். ஒரு வகையில் இது நல்லதுக்குத்தான். வேலைக்கு வரும் பெண்பிள்ளைகள் தெரியாமல் எதையாவது மாற்றிவிடுவார்களோ என்ற பயம் இல்லை. நார்மலில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

மேக்ரோவுக்குள் "திஸ் டாக்குமெண்ட்" என்று எழுதியிருந்தால் அது டெம்ப்ளேட்டையே குறிக்கும். கண்முன் இருக்கும் பத்திரத்தில் வேலை நடக்க "ஆக்டிவ் டாக்குமெண்ட்" என்று எழுத வேண்டும். நார்மலிலிருந்து பழைய மேக்ரோவைக் கொண்டுவந்து ஒட்டுகிறவர்கள் முதலில் இதைத் தேடிப் பாருங்கள். ஒரே ஷார்ட்கட் இரண்டு இடத்திலும் இருந்தால் நார்மல்தான் ஜெயிக்கும், அங்கே இருப்பதை நீக்கிவிடுங்கள். ஃபைல் திறந்ததும் தானாக ஓடும் ஆட்டோ ஓப்பன் மேக்ரோ ஆட்-இன்னில் இருந்தால் மற்ற டாக்குமெண்டுகளுக்கு ஓடாது. வேர்ட் தொடங்கும்போது ஓடும் ஆட்டோ எக்ஸெக் ஓடும்.

மெயிலில் வந்த டாட்எம் ஃபைலை அப்படியே திறந்தால் சிவப்புப் பட்டை வந்து மேக்ரோவைத் தடுத்துவிடும், 2022-லிருந்து இந்தக் கெடுபிடி. தெரிந்தவர் அனுப்பியது என்று உறுதியாக இருந்தால் மட்டும் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் அன்பிளாக் கொடுங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பியதை ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போடவே போடாதீர்கள், அங்கே வேர்ட் எதையும் கேட்காமல் ஓட்டிவிடும்.

மூன்று கம்ப்யூட்டருக்கும் பொதுவாக நெட்வொர்க்கில் ஒரே ஃபைலை வைக்கலாம்தான். ஆனால் யாராவது ஒருவர் வேர்டைத் திறந்து வைத்திருந்தாலும் புதிய பிரதியை அதன்மேல் எழுத முடியாது. அதனால் ஒவ்வொன்றிலும் தனிப்பிரதி வைத்திருக்கிறேன், மாற்றம் செய்தால் சாயங்காலம் கடை சாத்தும்போது மூன்றிலும் மாற்றிவிடுவேன். விண்டோஸில் வேறு பெயரில் லாகின் செய்கிறவர் இருந்தால் அவருடைய ஸ்டார்ட்அப் ஃபோல்டர் வேறு, அங்கேயும் ஒன்று போட வேண்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று அந்தக் கேள்விக்குறிகளுக்கு. மொபைலிலும் பிரௌசரிலும் வேர்ட் பயன்படுத்துகிறவர்களுக்கு இதனால் பயனில்லை, அங்கே மேக்ரோவே ஓடாது.