தீபாவளிக்கு ஒரு வேளைச் சாப்பாடு: இல்லங்களின் உபயத் திட்டம் எப்படி?

முதியோர் இல்லமோ குழந்தைகள் இல்லமோ, வாசலுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கும். 'இன்றைய மதிய உணவு உபயம்' என்று சாக்பீஸில் எழுதி, கீழே ஒரு பெயர், ஒரு காரணம்: பிறந்தநாள், திதி, கல்யாண நாள். ஒரு வேளைக்கு இவ்வளவு என்று தொகை கட்டி, தேதியை நாமே குறித்துக்கொள்கிற இந்தத் திட்டத்தில் ஐப்பசி பிறந்ததும் முதலில் நிரம்புவது தீபாவளிதான். அந்தத் தேதி கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.

அன்று காலையிலேயே ஒருவர் இட்லி, கேசரியோடு வந்துவிடுவார். பத்து மணிக்கு இன்னொருவர் லட்டு டப்பாக்களை இறக்குவார். மதியம் பிரியாணி, சாயங்காலம் மறுபடி ஸ்வீட். மூன்று மணிக்குப் பார்த்தால் பாதி சாப்பாடு கழுவுத் தொட்டியில் கிடக்கும். பத்து நாள் போனால் அதே இல்லத்தின் ஸ்டோர் ரூமில் எண்ணெய் டின் அடிதட்டி நிற்கும். தீபாவளிக்கு அடுத்த வாரத்திலிருந்து கிறிஸ்துமஸ் வரை வருகிற சாதாரண செவ்வாய், புதன்தான் இந்தத் திட்டத்தில் உருப்படியான தேதிகள். தொகை அதேதான், உங்கள் பெயரில் ஒரு வேளை உண்மையிலேயே நடக்கும்.

கேட்டரிங் பார்சல் சுலபம், ஆனால் அதில்தான் கோளாறு அதிகம். கொதிக்கக் கொதிக்க டப்பாவில் அடைத்து மூடினால் ஆவி வியர்த்துச் சாதத்தில் சொட்டும், அப்பளம் நமுத்துவிடும், தேங்காய்ச் சட்னி முதலில் கெடும். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் கிருமி பெருகத் தொடங்கும். பதினோரு மணிக்குக் கட்டிய பார்சல் ட்ராஃபிக்கில் மாட்டி இரண்டு மணிக்கு வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியே சமைத்ததை வாங்கவே மாட்டோம் என்று சொல்லும் இல்லங்கள் உண்டு. அதை வீம்பு என்று நினைக்காதீர்கள், நல்ல நிர்வாகத்தின் அடையாளம் அது. பணமாகவோ மளிகையாகவோ கொடுத்து அங்கேயே சமைக்க விடுவதற்குத்தான் எங்கள் ஓட்டு.

மளிகையாகத் தருபவர்களுக்கு ஒரு கணக்கு. ஐம்பது முதியவர்கள் என்றால் அரிசி 5 கிலோ போதும். பையன்கள் விடுதி என்றால் அதே ஐம்பது பேருக்கு ஏழரை கிலோ வேண்டும். சாம்பாருக்குத் துவரம்பருப்பு ஒன்றரை கிலோ, காய் மொத்தம் 7 கிலோ. முதியோர் இல்லத்துக்கு பீன்ஸ், கொத்தவரங்காய் வாங்காதீர்கள், பல் கட்டியவர்களால் மெல்ல முடியாது. பூசணி, சுரைக்காய், பயத்தம்பருப்புக் கூட்டு நல்லது. பாயசத்தைப் பாதிப் பேர் சர்க்கரைக்குப் பயந்து தள்ளிவைப்பார்கள். அவர்களுக்குக் குழைய வேகவைத்த சுண்டல் ஒரு கரண்டி வைத்தால் விடுபட்டுப்போன உணர்வு இருக்காது. இவ்வளவும் செய்து உப்பில் கோட்டை விட்டால் வீண். ரத்த அழுத்தக்காரர்களுக்குக் குறைத்துப் போடச் சொல்லி, உப்பைத் தனியே மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.

சரி, கொடுப்பவருக்கு என்ன கிடைக்கிறது? புண்ணியக் கணக்கை விடுங்கள், மனசுக்கு என்ன? எலிசபெத் டன், லாரா ஆக்னின், மைக்கேல் நார்ட்டன் மூவரும் 2008-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. காலையில் ஆட்களிடம் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, சாயங்காலம் ஐந்துக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். பிறருக்காகச் செலவழித்தவர்கள்தான் அதிக சந்தோஷமாக இருந்தார்கள். 5-ஆ 20-ஆ என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. ஆகவே முழு நாளுக்கும் கட்ட வசதியில்லையே என்று குறைப்பட வேண்டாம், ஒரு காலை இட்லிக்குக் கட்டினாலும் அந்த நிறைவு உண்டு. ஆனால் ஜிபேயில் அனுப்பிவிட்டு மறந்துபோனால் அதில் பாதிகூடத் தேறாது. கொடுத்தது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கண்ணால் பார்க்கும்போதுதான் அது மனசில் ஒட்டுகிறது. பன்னிரண்டரைக்குப் போங்கள், சாம்பார் வாளியைக் கையில் எடுங்கள். இரண்டாவது வரிசைக்குள் ஒரு பாட்டி, "கொஞ்சம் நடுவுல விடுப்பா, ஓரத்துல ஊத்தாதே" என்பார். கரும்பலகையில் பெயர் வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

இந்தத் திட்டத்தின் மோசமான பக்கமும் பந்தியில்தான் தெரியும். உபயதாரர் வர ஒரு மணி நேரம் தாமதமாகும். அதுவரை பரிமாறிய தட்டு முன்னால் ஆற, பிள்ளைகள் பிரார்த்தனைப் பாட்டோடு காத்திருப்பார்கள். பிறகு கேக் வெட்டு, போட்டோ. இல்லத்துப் பிள்ளைகளின் முகத்தை வெளியிட்டு அடையாளம் காட்டுவது இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 74-ஆம் பிரிவை மீறுவது. ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஸ்டேட்டஸில் போட அடுக்கிய தட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இல்லமென்றால் அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவுப் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருக்கும் இடத்தில் சான்றிதழை எடுத்துக் காட்டத் தயங்க மாட்டார்கள்.

போனில் தேதி குறிக்கும்போதே இன்னொன்றும் கேட்கலாம்: "அன்னிக்கு வேற யாராவது புக் பண்ணியிருக்காங்களா?" ஒரே வேளையை இரண்டு பேருக்கு எழுதிக்கொடுக்கும் இடங்களும் உண்டு. 80ஜி என்று சொல்லப்படும், நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை பழைய முறையில் வரி கட்டுவோருக்குத்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, அரிசி மூட்டையாகக் கொடுத்தாலும் கிடையாது. ரசீதில் வெறுமனே 'அன்னதானம்' என்று எழுதித் தந்தால் தேதி, வேளை, தொகை மூன்றையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.