டிசைன் ஏஜென்சி: சில வருடங்கள் புழங்கிய பிறகு

எங்கள் பிராண்டின் லோகோ, நிறங்கள், எழுத்துரு, பேக்கேஜிங் எல்லாவற்றையும் ஒரே டிசைன் ஏஜென்சியிடம் செய்து வாங்கிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. வேலை முடிந்த கையோடு எழுதியிருந்தால் லோகோ பிரமாதம் என்று சொல்லி முடித்திருப்பேன். இப்போது சொல்ல வேறு விஷயங்கள் இருக்கின்றன.

அன்றாடம் கைகொடுப்பது அவர்கள் ஒப்படைத்த கோப்புகள்தான். லோகோவை எஸ்விஜி, பிடிஎஃப் என வெக்டர் வடிவில், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத கோப்புகளாகத் தந்தார்கள். ஒற்றை நிற அச்சுக்கு ஒன்று, கறுப்புப் பின்னணிக்கு ஒன்று, செயலியின் சின்ன ஐகானுக்கு ஒன்று என்று தனித்தனிப் பதிப்புகள். நிறங்களுக்கான குறியீடுகளும் தந்தார்கள்: திரைக்கு ஆர்ஜிபி, அச்சுக்கு சிஎம்ஒய்கே, கூடவே பான்டோன் எண் (அச்சகங்கள் பொதுவாகப் பின்பற்றும் நிற எண்). அச்சகம் மாறினாலும் எங்கள் பச்சை மாறுவதில்லை. இதற்கு முன் இருந்த வேறொரு ஏஜென்சி ஜேபெக், அதாவது சாதாரணப் படக் கோப்பு மட்டும் கொடுத்தது. பெயர்ப்பலகைக்குப் பெரிதாக்கினால் ஓரமெல்லாம் பிசிறடிக்கும். மூலக் கோப்பு வேண்டுமென்றால் தனிக் கட்டணம் என்றார்கள். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே என்னென்ன கோப்புகள் கிடைக்கும் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

உரிமை விஷயமும் அப்படித்தான். பணம் கட்டிவிட்டால் லோகோ நம்முடையது என்று நினைத்துக்கொள்கிறோம். பல நாடுகளில், எழுத்துமூலம் மாற்றித் தராதவரை பதிப்புரிமை அதை உருவாக்கியவரிடமே இருக்கும். எழுத்துருவுக்கு வேறு கணக்கு: கணினி, இணையதளம், செயலி என்று பெரும்பாலும் தனித்தனி உரிமம் வாங்க வேண்டும். ஏஜென்சி வைத்திருக்கும் உரிமம் நமக்குச் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது.

சரி, ஏன் இவர்களைத் தேர்ந்தெடுத்தோம்? முதல் சந்திப்பிலேயே, "வாடிக்கையாளர் உங்களை எதை வைத்து அடையாளம் காண்கிறார்?" என்று கேட்டார்கள். மற்ற யாரும் அதைக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம்: 2009-இல் டிராபிகானா என்ற பழச்சாறு பிராண்ட் தன் அட்டைப்பெட்டியிலிருந்து ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் படத்தை எடுத்தது. இரண்டே மாதத்தில் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்ததால், அந்த பிராண்ட் பழைய வடிவத்துக்கே திரும்பியது. எங்கள் பழைய சின்னத்தின் வட்டத்தை இவர்கள் விடாமல் வைத்துக்கொண்டது எவ்வளவு சரி என்பது கடைகளில் தெரிகிறது.

'பத்து மாதிரி தருவோம்' என்று சொன்னவர்களும் உண்டு. எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். 1986-இல் அமெரிக்க லோகோ வடிவமைப்பாளர் பால் ராண்ட், ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் என்ற கணினி நிறுவனத்துக்கு ஒரே ஒரு லோகோவைத்தான் காட்டினார், அதற்கான காரணங்களோடு. இவர்கள் எங்களிடம் இரண்டு மாதிரிகள் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் விளக்கம் இருந்தது.

குறைகளும் உண்டு. பிராண்டுக்கான வழிகாட்டியில் வீடியோ பற்றி எதுவுமே இல்லை. அதைப் பின்னால் தனியாகக் காசு கொடுத்துச் சேர்த்தோம். அப்புறம், முதலில் வந்து பேசிய அனுபவசாலி கொஞ்ச நாளிலேயே வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர்களுக்கு எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது, எங்கள் வேலையை யார் கவனிப்பார், அவர் மாறினால் எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னோம். தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். இன்றும் அவர்களிடம்தான் வேலை கொடுக்கிறோம்.