சிறு கீறலும் ஹெல்மெட்டுமா, திறந்த அறுவையா?

எங்கள் மகனுக்குத் தலை முன்னும் பின்னும் நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கியிருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது உருட்டிவிட்டால் உருண்டையாகிவிடும் என்று என் மாமியார் நான்கு மாதம் நம்பினார், நானும்தான். ஆனால் நடு உச்சியில் விரல் வைத்தால் வரப்புபோல ஒரு மேடு தட்டுப்பட்டது. ஒரே பக்கம் படுத்துத் தட்டையாகும் தலைக்குக் கத்தி தேவையில்லை. இதுவோ மண்டையோட்டு எலும்புகள் சேரும் நடுப் பொருத்து காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொண்டது என்று பெங்களூருவில் சொன்னார்கள்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள். எண்டோஸ்கோப்பி முறையில் இரண்டு சிறு கீறல்கள் போட்டு, கேமரா பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்த்தபடி, ஒட்டிய எலும்புப் பட்டையை மட்டும் எடுக்கிறார்கள். ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். திறந்த அறுவையில் காதிலிருந்து காது வரை கீறி, எலும்புகளை வெட்டி மாற்றியடுக்குகிறார்கள். பல மணி நேரமாகும், பெரும்பாலும் ரத்தமும் ஏற்ற வேண்டும். இவ்வளவை மட்டும் கேட்டால் யாரும் முதலாவதையே கேட்பார்கள்.

எங்களைத் தயங்க வைத்தது ஹெல்மெட். முதல் முறையில் தலைக்கு வடிவம் தருவது கத்தி மட்டுமல்ல, வளரும் மூளையும் அதற்கு வழிகாட்டும் ஹெல்மெட்டும்தான். ஆகவே நாளுக்கு 23 மணி நேரம், ஏறக்குறைய ஒரு வயது வரை அதை மாட்டியிருக்க வேண்டும். தலை வளர வளர உட்புறத்தைச் செதுக்கவும், போதாதபோது புதிதாகச் செய்யவும், கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர் திரும்பத் திரும்பப் போக வேண்டும். எங்களுக்கு அந்த மாதங்கள் சித்திரை, வைகாசி வெயிலிலும், கணவர் மாங்காய் மண்டியை விட்டு நகர முடியாத பருவத்திலும் வந்து விழுந்தன. வியர்வையில் தோல் புண்ணாகி நாலு நாள் கழற்றிவைத்தால், செய்த அறுவையின் பயனே குறையும். மேலும் அந்த முறைக்கு மூன்று மாதத்தையொட்டிய வயதே உகந்தது. நாங்கள் போனபோது ஐந்து முடிந்திருந்தது.

ஒன்பதாம் மாதத்தில் திறந்த அறுவையே செய்துகொண்டோம். மறுநாள் இமைகள் வீங்கிக் கண் திறக்க முடியாமல், குரலை வைத்தே என்னைத் தேடினான். அந்த இரண்டு நாளைக் கடப்பது எளிதல்ல. ஹெல்மெட்டை நாங்கள் மாட்டிப் பார்த்ததில்லை. காத்திருப்பு அறையில் சந்தித்த ஓசூர்ப் பெண் ஒருவர், தன் குழந்தை ஒரே வாரத்தில் அதற்குப் பழகிவிட்டதாகச் சொன்னார். இரண்டாம் மாதமே கவனித்து, வீடும் ஓசூரில் இருந்திருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன்.

இப்போது தலை நனைந்தால் மட்டும் அந்த வளைகோடு தெரிகிறது. மாமியார் அதன் இருபுறமும் எண்ணெய் வைக்கிறார், உருட்டுவதில்லை.