எலாஸ்டோமெரிக் பெயின்ட்: கட்டட முகப்புக்குச் சரிப்படுமா?

வணிகக் கட்டடத்தின் வெளிச்சுவரில் விரிசல் தெரிந்தாலே எலாஸ்டோமெரிக் பெயின்ட், அதாவது ரப்பர்போல இழுபடும் பெயின்ட், அடிக்கச் சொல்கிறார்கள். நல்ல சரக்குதான். ஆனால் கட்டடம் முழுக்க அடிக்க வேண்டியதல்ல. வாசல் பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம்.

அதன் பலம் தடிமனில் இருக்கிறது. சாதாரண அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட் காய்ந்தால் 60 முதல் 80 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நிற்கும். இது 250 முதல் 400 மைக்ரான் வரை ரப்பர் தோல்போல நிற்கும். பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் சுவரோடு தானும் இழுபட்டுத் திரும்புவதால் மயிரிழை விரிசல்கள் மூடியே இருக்கும். சாரல் நேராக அடிக்கும் பக்கச் சுவருக்கும் கைப்பிடிச் சுவரின் வெளிப்புறத்துக்கும் இது மிகப் பொருத்தம்.

அந்தத் தடிமன் வராவிட்டால் பலன் இல்லை. திடப்பொருள் (தண்ணீர் ஆவியான பிறகு சுவரில் தங்கும் பகுதி) கொள்ளளவில் 50 சதவீதம் உள்ள பெயின்டில், காய்ந்த பிறகு 300 மைக்ரான் நிற்க வேண்டுமானால் ஈரமாக 600 மைக்ரான் ஏற வேண்டும். சதுர மீட்டருக்கு 0.6 லிட்டர், 100 சதுர மீட்டருக்கு 60 லிட்டர். சொரசொரப்பான சுவரென்றால் இன்னும் 10 சதவீதமாவது கூட்டிக்கொள்ளுங்கள். அதே சுவர் 25 லிட்டரில் முடிந்திருந்தால் காய்ந்த தடிமன் 125 மைக்ரான்தான், விரிசல் மறுபடி தலைகாட்டும். வேலை முடிந்ததும் காலி டின்களை எண்ணிப் பாருங்கள், மற்ற எல்லாச் சோதனையையும்விட அது எளிது.

குறைகள் இரண்டு. ஒன்று, படலம் மென்மையானது. தூசியும் வண்டிப் புகையும் ஒட்டிக்கொண்டு வெளிர்நிறச் சுவர் சீக்கிரம் அழுக்கேறும். மேலே தூசி ஒட்டாத அக்ரிலிக் டாப்கோட் ஒன்று அடித்தால் பெருமளவு சரியாகும். இரண்டாவது பெரிது: சுவருக்குள் ஈரம் இருந்தால் கொப்புளம் விட்டு, தோலாக உரியும். 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர்த்துளி கட்டினால் பெயின்ட் அடிக்காதீர்கள்; குழாய்க் கசிவையோ மேல்தள ஒழுகலையோ முதலில் நிறுத்துங்கள். புதிய சிமென்ட் பூச்சு என்றால் 28 நாளாவது ஆற வேண்டும்.

பழைய சுவரைக் கருந்துணியால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி வந்தால் கழுவி, பிரைமர் அடித்த பிறகே பெயின்ட். பாசி இருந்தால் ஒரு பங்கு பிளீச் திரவம், மூன்று பங்கு தண்ணீர். 15 நிமிடம் ஊறவிட்டு நன்றாக அலச வேண்டும், அடியில் உயிரோடு விட்டால் புதுப் பெயின்டைத் துளைத்து வரும். ஜன்னல் ஓரங்களில் சிலிகான் வைக்காதீர்கள், அதன்மேல் பெயின்ட் பிடிக்காது. இடைவெளியை அடைக்க, பெயின்ட் அடிக்கத் தக்க அக்ரிலிக் அல்லது பாலியூரிதேன் சீலன்ட் வாங்குங்கள்.

வாசலைச் சுற்றித் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரம்வரை எங்கள் பரிந்துரை வேறு: செமிகிளாஸ் (பாதிப் பளபளப்பு) தூய அக்ரிலிக் பெயின்ட். கைத்தடமும் மழைநீர் தெறித்த சேறும் படுவது அங்கேதான், வருகிறவர் முதலில் பார்ப்பதும் அங்கேதான். துடைத்தால் போக வேண்டும். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் வெயிலில் சீக்கிரம் வெளிறும். காவி, செங்கல் நிறம் போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் நெடுநாள் நிற்கும். துத்தநாகம் பூசிய ஷட்டரில் ஆயில் எனாமலை நேரடியாக அடிக்கக் கூடாது. எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து சோப்பாகி, பெயின்ட் தகடாக உரியும். அதற்கென உள்ள பிரைமர் அவசியம். பெயர்ப்பலகை போல்ட்டுகளிலிருந்து துரு வழியாமல் இருக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போடுங்கள்.

பராமரிப்பு என்பது ஆண்டுக்கு ஒரு முறை மென்மையான பிரஷ்ஷும் குறைந்த அழுத்தத் தண்ணீரும்தான். டச்-அப் செய்யும்போது திட்டாக அடித்தால் வெளிறிய சுவரில் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைவரை முழுச் சுவரையும் அடியுங்கள். ஷேட் எண்ணை டின் மூடியில் மட்டும் விட்டுவைக்காமல், கட்டடக் கோப்பிலும் எழுதி வையுங்கள்.